எண்ணாத நூறு

மூச்சை உள்ளே இழுங்க, வெளியே விடுங்க, அப்படியே நிறுத்துங்க என்று காதுக்குள் சொன்னது சளிப்பிடித்த ஒரு குரல். தில்லைநாயகி நிறுத்தினாள். நிறுத்திய மூச்சோடு, இந்த ஆளுக்கு மூக்கைச் சிந்த யாரும் கற்றுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது, இவனை நம்பி இவ்வளவு பெரிய ஸ்கேன் மெஷினைக் கொடுத்திருக்கிறார்கள் பார் என்று நினைத்தாள். குழாய்க்குள் மல்லாந்து கிடந்தாள். நெஞ்சின்மேல் துணி துவைக்கிற பலகை மாதிரி ஒன்றை வைத்துக் கட்டியிருந்தார்கள், அதற்கடியில் நாலு ஒயர், மூக்குக்கு நேரே நாலு விரற்கடையில் வெள்ளைக் கூரை. டக் டக் டக் டக் என்று மெஷின் தட்டியது. பழக்க தோஷம், எண்ண ஆரம்பித்தாள், இருபத்திரண்டில் நின்றுவிட்டது, ம், மூச்சு விடலாம். வலது கையில் ரப்பர் உருண்டை ஒன்றைத் திணித்து, பயமா இருந்தா அமுக்குங்கம்மா என்று சொல்லியிருந்தான். பயமா இருந்தா. அறுபத்தொரு வயசு, முப்பத்திரண்டு வருஷம் அரசு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, சுடுகாட்டிலிருந்து நேராக வந்தவன் ரத்தம், கோர்ட்டிலிருந்து வந்தவன் ரத்தம், பிரசவத்தில் பிழைக்காதவள் ரத்தம் எல்லாம் பார்த்தவள், அவளிடம் இவன் ரப்பர் உருண்டை கொடுக்கிறான். ரிட்டயர் ஆன அன்று மாலை போட்டுப் பேசினவர்கள்கூட, ஒருத்தர் விடாமல், அம்மா பயமறியாதவங்க என்றுதான் சொன்னார்கள், அவர்களுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும், யாராவது எழுதிக் கொடுத்தால் சேர்த்து ரெண்டு வரி சொல்லுவார்கள். பயம் என்கிற வார்த்தையை அவள் ஒரே ஒரு ஆளுக்குத்தான் ஒதுக்கி வைத்திருந்தாள். அந்த ஆள் இப்போது இல்லை. உருண்டையை வயிற்றின்மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

இந்தக் குழாய்க்குள் அவளை அனுப்பினது டாக்டர் ஃபர்ஹானா. முப்பத்தைந்துகூட இருக்காது, தலையில் முக்காடு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், பேச்சில் அப்படி ஒரு பொறுமை, பொறுமையாகப் பேசுகிற டாக்டர்களைக் கண்டாலே தில்லைநாயகிக்கு ஆகாது. போன மாதம் போஸ்ட் ஆபீஸ் வரிசையில் நின்றவள் கண்ணை இருட்டி விழுந்தாள், விழுந்ததைவிட அந்த வரிசையில் இருந்தவர்கள் செய்த அமளிதான் கேவலம், ஒருத்தி முகத்தில் சோடாவைத் தெளித்தாள், ஒருத்தன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தான், காக்காய் வலிப்பாம். ஈசிஜியில் துடிப்பு தப்பித் தப்பி ஓடியது. அதற்கப்புறம்தான் இந்த டாக்டரம்மா. ஒரு தாளை எடுத்து இதயம் வரைந்தாள், வரைந்தது இதயமா கத்தரிக்காயா என்று தெரியவில்லை, அத்தான் இருந்திருந்தால் ஒரே இழுப்பில் வரைந்திருப்பார். கத்தரிக்காய்க்குள் புள்ளி புள்ளியாக வைத்து, இதயத்துக்குள்ளே எப்போதுமே காவல் செல்கள் குடியிருக்கும், மேலிருந்து கரண்ட் கீழே இறங்குகிற இடத்தில் தசைச் செல்களோடு கை கோத்துக்கொண்டு கரண்டைக் கடத்திவிடுகிற வேலையையும் அவை பார்க்கும், அவற்றால் தொந்தரவு இல்லை என்று சொன்னாள். தொந்தரவு, ரத்தத்திலிருந்து புதிதாக வந்து குவிகிறவற்றால்தானாம். காயம் பட்டது என்று யாரோ கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு வரும், வந்த இடத்தில் கும்பலாக உட்காரும், தசையைத் தழும்பாக்கிவிடும், தழும்புக்குள் கரண்ட் போகாது, சுற்றிக்கொண்டு போகும், சுற்ற ஆரம்பித்தால் துடிப்பு தாறுமாறாகிவிடும். கல்யாண வீட்டுக்குக் கூப்பிடாமல் வந்த கும்பல் என்று தில்லைநாயகி நினைத்துக்கொண்டாள். ரத்தத்தில் இருக்கும்போது அதுக்கு ஒரு பேர் இருக்கும்மா என்று டாக்டரம்மா தயங்கினாள், இந்தக் கிழவிக்கு என்ன தெரியும் என்று. மோனோசைட் என்றாள் தில்லைநாயகி. டாக்டரம்மாவின் பேனா நின்றது. லேப்ல இருந்தேன் என்று சொல்லிவிட்டுத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த நிமிஷம் வரைக்கும் அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

அம்மா, உங்க துடிப்பு ஒழுங்கா இல்ல, படம் கலைஞ்சு கலைஞ்சு போகுது, திரும்ப எடுக்கணும் என்றது சளிக்குரல். ஒழுங்கா இல்லையாம். முப்பத்திரண்டு வருஷம் காலை ஏழே முக்காலுக்குப் பூட்டைத் திறந்தவளைப் பார்த்து ஒழுங்கில்லை என்கிறான். மூச்சை நிறுத்தினாள். நெஞ்சுக்குள் எதுவோ ஒரு தடவை துள்ளியது, துள்ளிவிட்டு அடங்கியது, அடங்கிய இடத்தில் ஒரு வெறுமை, அப்புறம் ஓங்கி ஒரு அடி. மீன். அந்த வார்த்தை வேண்டாம். டக் டக் டக். மோனோசைட் என்று அவள் எத்தனை தடவை எழுதியிருப்பாள். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தீற்றி, சாயம் ஊற்றி, காயவைத்து, லென்ஸுக்கடியில் வைத்து நூறு வெள்ளை அணுக்களை இனம் பிரித்து எண்ண வேண்டும், அதுதான் வேலை. ஐந்து இனம். ஆனால் அவர்கள் கூடத்தில் மூன்றுதான் எழுதுவார்கள், இங்கிலீஷ் பேரின் முதலெழுத்தாக பி, எல், ஈ. பி அறுபது, எல் முப்பத்தாறு, ஈ நான்கு, கூட்டினால் நூறு, நோயாளியும் திருப்தி, டாக்டரும் திருப்தி. மொச்சைக்கொட்டை மாதிரி மடங்கின கருவோடு சாம்பல் நீலத்தில் பெரிசாக ஒன்று எப்போதாவது தட்டுப்படும், நூறில் நாலோ ஐந்தோ, அதுதான் மோனோசைட், அதைப் பெரிய எல் என்று எல்லில் தள்ளிவிடுவார்கள். எம் என்று ஒன்றை எழுதினால், இது என்னம்மா புது வியாதியா என்று கேட்டுக்கொண்டு ஜன்னலில் வந்து நிற்பார்கள் ஜனங்கள், எதற்கு வம்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் எம் எழுதினாள், ஒரு வாரம், அப்புறம் அவளும் விட்டுவிட்டாள். அற்பப் பயல் என்று அதை ஒதுக்கினாள். முப்பத்திரண்டு வருஷம் ஒதுக்கினது இப்போது கும்பலாக வந்து அவள் நெஞ்சிலேயே குடியேறியிருக்கிறது என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது, சிரிக்காதீங்கம்மா, அசையாதீங்க என்றான் அவன்.

எண்ணுவதற்கு ஒரு மெஷின் உண்டு, சின்னது, ஐந்து கட்டை வைத்தது. கண் லென்ஸில் இருக்கும், விரல் கட்டையில் இருக்கும், பி-யைப் பார்த்தால் பி கட்டை, எல்-லைப் பார்த்தால் எல் கட்டை. நூறாவது அழுத்தலில் டிங் என்று ஒரு மணி அடிக்கும். அந்த மணிக்குக் கூடத்தில் அப்படி ஒரு மரியாதை. மணி அடித்தால் எண்ணியாகிவிட்டது என்று அர்த்தம், அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிற பெரிய டெக்னீஷியனுக்கு அது கேட்டால் போதும். உண்மையாக எண்ணுகிற சத்தம் தத்தித் தத்தி வரும், தேடி, நின்று, ஒன்று, அப்புறம் சேர்ந்தாற்போல் ரெண்டு, மறுபடி தேடல். பொய்யாக எண்ணினால் மழை பெய்கிற மாதிரி ஒரே சீராக வரும். காதை வைத்தே அவள் சொல்லிவிடுவாள், யார் பார்க்கிறார்கள், யார் சும்மா தட்டுகிறார்கள் என்று. தட்டுகிறவர்களை அவள் மனுஷராகவே மதித்ததில்லை. இதுக்கு வீட்டுல உக்காந்து அம்மிய தட்டலாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லுவாள். அவளும் தட்டினாள். எப்போதாவது, நூறு பேருக்குமேல் வரிசை நின்ற நாளில், தெரிந்த முகத்துக்கு, ஒன்றுமில்லை என்று பார்த்தவுடனே தெரிகிற ஆளுக்கு. பார்த்தவுடனே தெரிகிறதாம், இவளுக்குக் கண்ணில் லென்ஸ் முளைத்திருந்தது. மூச்சை இழுங்க. இப்போது மெஷின் ஒரே சீராகத் தட்டியது, மழை மாதிரி, இதுவும் பார்க்காமல்தான் தட்டுகிறதோ என்று ஒரு சந்தேகம் வந்தது. இந்த இடத்தில் நினைப்பை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. மகன் பரிதிக்குச் சாப்பாடு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், காலையில் இட்லியை ரெண்டோடு நிறுத்தினான், மத்தியானப் பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் போகவேண்டும், டயர் கம்பெனி ஆபீசில் லீவு கொடுக்கமாட்டானாம். முப்பத்துமூன்று வயசு, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அவன் அப்பா மாதிரியே. திருப்பின நினைப்பு சுற்றிக்கொண்டு அங்கேயே வந்து நின்றது.

அத்தானுக்கு அன்று மூன்றாவது பீரியட் ஓய்வு. டிராயிங் மாஸ்டர் கோவிந்தராசு, அவளுடைய சொந்த அத்தை மகன், பிறந்தபோதே இவனுக்கு இவள் என்று பேசி வைத்த சம்பந்தம், அவளுக்குப் பிடித்திருந்ததா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவளும் யோசித்திருப்பாள். விரலெல்லாம் சாக்பீஸ் தூளோடு கூடத்து ஜன்னலில் வந்து நின்றார். தில்லை, நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி இருக்கு. அந்த வருஷத்தில் அது மூன்றாவது தடவை. அதற்கு முந்தின தடவை கண்ணில் பூச்சி பறக்கிறது என்றார், அதற்கு முந்தி முதுகில் எறும்பு ஊர்கிறது என்றார், பல்லி விழுந்தால் பஞ்சாங்கம் பார்ப்பவர், ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர், ஆண்பிள்ளையா இவர் என்று அவள் மனசுக்குள் பேசாத நாளே கிடையாது. வெளியேயும் பேசியிருக்கிறாள். ஜன்னல் வழியாகவே விரலை வாங்கிக் குத்தினாள். தீற்றினாள், சாயம் ஊற்றினாள், காய்ந்ததும் லென்ஸுக்கடியில் வைத்தாள், அதுவரைக்கும் எல்லாம் சரி. குனியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கட்டையைத் தட்டினாள், அறுபது, முப்பத்தாறு, நான்கு. டிங். மணி அடித்ததும் அவர் முகம் தெளிந்ததை அவள் பார்த்தாள், அந்த மணியை அவரும் நம்பினார், அவளைக் கட்டிக்கொண்டவருக்கு வேறு எதை நம்பத் தெரியும். ஈசிஜி எடுத்துப் பாக்கவா என்று கேட்டார். ஈசிஜி அறை நாலு கதவு தள்ளித்தான் இருந்தது. ரத்தத்துல ஒண்ணும் இல்ல அத்தான், உங்களுக்கு இருக்குறது பயம், அதுக்கு ஈசிஜில கோடு விழாது என்றாள். உள்ளே இருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்ப சரி என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் பானை வரைந்துகொண்டிருந்தார், இடது பக்கம் முடிந்துவிட்டது, வலது பக்கத்து வளைவில் சாக்பீஸ் கீழே இழுத்துக்கொண்டே போயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. வயசு ஐம்பத்தொன்று. மாரடைப்பு என்றார்கள், யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. சாவு வீட்டில் அவளைக் கட்டிக்கொண்டு அழவந்த பெண்களிடம், மனுஷன் பயந்தே செத்தார் என்று அவள் சொன்னாள். பரிதியிடமும் அதைத்தான் சொன்னாள், இத்தனை வருஷமாக.

கையில ஊசி போட்ட இடத்துல ஜில்லுனு இருக்கும்மா, மருந்து போகுது, தழும்பு இருந்தா இப்பத் தெரிஞ்சுரும் என்றான். ஜில்லென்று முழங்கை மடிப்பில் ஆரம்பித்துத் தோளுக்கு ஏறியது. போகட்டும், போய்த் தேடட்டும். எண்ணியிருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது, அது அவளுக்கு நன்றாகத் தெரியும், ரத்தச் சொட்டைப் பார்த்து இதயத்தைச் சொல்ல முடியாது, எம் எட்டே இருந்திருந்தாலும் அது காய்ச்சலுக்கும் இருக்கும் சளிக்கும் இருக்கும். பதினாலு வருஷமாக அவள் தனக்குத் தானே ஆடிக்கொண்டிருக்கிற வழக்கில் இதுதான் அவளுடைய வாதம், நல்ல வாதம், ஜெயிக்கிற வாதம், ஒவ்வொரு தடவையும் ஜெயித்துவிட்டு, கடைசியில் அந்த நாலு கதவு வந்து நிற்கும். பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லியிருந்தால் அது தப்பு, தப்பு யாருக்கும் வரும். பார்க்காமல் சொன்னதற்குப் பேர் வேறு. கெட்டிக்காரி. ஊரில் ஒருத்தனும் உருப்படியில்லை, இவள் ஒருத்திதான் உருப்படி. மீன் துள்ளியது, இந்தத் தடவை மூன்று துள்ளல் சேர்ந்தாற்போல், கண்ணுக்குள் கறுப்பாக எதுவோ ஓரம் கட்டியது, வயிற்றின்மேல் இருந்த ரப்பர் உருண்டையைக் கை தானாகத் தேடிப் பிடித்துக்கொண்டது. அமுக்கவில்லை. பிடித்துக்கொண்டாள். அவர் சொன்னது அச்சு அசலாக இதைத்தான். மீன் என்றால் மீனேதான், வேறு எந்த வார்த்தையும் இதற்குப் பொருந்தாது, டிராயிங் மாஸ்டருக்குப் பார்த்ததைச் சொல்லத் தெரியும், அவளுக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. பயமாக இருந்தது. இதுதான் பயமா, இவ்வளவு நாள் இதையா அவர் தனியாக வைத்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தாள். டாக்டரம்மா கடைசியாகக் கேட்டதுதான் இப்போது முன்னால் வந்து நின்றது. சில குடும்பங்களில் இதயத் தசையே பிறவியில் தளர்ந்திருக்கும், அந்த இடத்தைப் பார்த்துத்தான் இந்தச் செல்கள் போய்க் குவியும், அப்படியென்றால் பிள்ளைகளையும் பார்க்கணும், அதனால்தான் கேட்கிறேன், உங்க ரத்த சொந்தத்தில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா. தில்லைநாயகி இல்லை என்றாள். மணி அடிக்கிற வேகத்தில் சொன்னாள். பக்கத்தில் நின்ற பரிதி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். புருஷன் ரத்த சொந்தமா என்று உள்ளே ஒரு வக்கீல் எழுந்து கேட்டான், அத்தை மகனாக இருந்தால் ஆமாம் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். அவள் பக்கத்து ரத்தமும் அவர் பக்கத்து ரத்தமும் ஒரே பாட்டனிடமிருந்து வந்தது, ரெண்டும் வந்து சேர்ந்த இடம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. தீபாவளிக்கு வந்திருந்தபோது மாடிப்படியில் நின்று, நெஞ்சு ஒரு மாதிரி புரளுதும்மா என்றான். உங்க அப்பன் வம்சத்துக்கே நடுக்கம்தான் என்று சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை நீட்டினாள். அவன் சிரித்தான். அதே சிரிப்பு. அதற்கப்புறம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டான், அவளிடம் இனி யார் சொல்லுவார்கள். மூச்சை இழுங்க என்றான், இழுத்தாள், விடுங்க என்றான், அது விம்மலாக வெளியே போயிற்று, ஐயோ திரும்ப எடுக்கணுமேம்மா என்று அவன் அலுத்துக்கொண்டான். எடுப்பா, எத்தனை தடவை வேணாலும் எடு, பாத்து எடு என்றாள் தில்லைநாயகி.

குழாயிலிருந்து அவளை வெளியே இழுத்தபோது மணி பதினொன்றரை. பலகையை அவிழ்த்த அந்த ஆளுக்கு நாற்பது வயசிருக்கும், மூக்கு சிவந்து கிடந்தது, கண்ணில் தூக்கம் இல்லை. உள்ளே என்ன தெரிந்தது என்று கேட்டாள், டாக்டர்தான் சொல்லணும்மா என்றான். முகத்தை மாத்திக்கத் தெரியாதவன் என்று பார்த்தவுடன் தெரிந்தது, தெரிந்ததா, சரி, அதை விடு. ஆவி பிடிப்பா என்று சொல்லிவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். வராந்தா பெஞ்சில் பரிதி மடியில் அவள் பையை வைத்துக்கொண்டு போனில் பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்தான். ஒண்ணும் இருக்காதும்மா, சும்மா கவலைப்படாத, நான் ரெண்டரை பஸ்ஸுக்குப் போறேன் என்றான். அவள் உட்கார்ந்தாள். அவனையும் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"டாக்டரம்மா கேட்டப்ப இல்லன்னு சொன்னேன்ல, அது பொய். உங்க அப்பா பயந்து சாகல. எங்கிட்ட வந்து சொன்னாரு. நான் பாக்காமயே ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தேன்."

 பரிதி கையில் இருந்த போன் அணைந்து கறுத்தது. பதினாலு வருஷத்தை ஒரு வராந்தாவில் வைத்துப் பேச முடியாது, அவன் அவள் முகத்தை மட்டும், புதிதாக யாரையோ பார்க்கிற மாதிரி, பார்த்துக்கொண்டிருந்தான். கையைக் குடு என்றாள். கொடுத்தான். கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரலை வைத்து, எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தில் செகண்ட் முள் பன்னிரண்டுக்கு வருகிறவரைக்கும் காத்திருந்தாள். பதினைந்து செகண்ட் பார்த்து நாலால் பெருக்கினால் போதும் என்று அவனுக்குச் சின்ன வயசில் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான், ஆஸ்பத்திரியில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். முள் மூன்றைத் தாண்டியது. அவன் கையை எடுத்துக்கொள்ளப் பார்த்தான்.

"போதாதாம்மா?"

"போதாது. உக்காரு."

இருபத்தாறு, இருபத்தேழு. ஒரு அம்மாள் ஸ்கேன் அறை எது என்று வந்து கேட்டாள், அவள் தலையைத் திருப்பவில்லை. நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டுக்காக விரல் காத்திருந்தது, வரவில்லை, வராத அந்த இடத்தில் அவளுடைய மூச்சும் நின்றது, அப்புறம் ஓங்கி ஒன்று வந்தது. பரிதி அவளைப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்திருந்தது, எத்தனை நாளாகவோ.

விரலை எடுக்காமல், முள் மறுபடியும் பன்னிரண்டுக்கு வரக் காத்திருந்து, தில்லைநாயகி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.